எண்ணூர்க் கழிமுகத்தில் நான் கம்பாக நின்ற காலை

சனிக்கிழமை, பகல் ஒரு மணி. வடசென்னை கல்மண்டபத்தில் எங்கள் தெரு முனைக்கு ஒரு குட்டி யானை வந்து நின்றது. லாரியைச் சொல்கிறேன். எண்ணூர் வரை வாடகை ஆயிரத்து இருநூறு ரூபாய். அதன் முதுகில் பன்னிரண்டடி நீளமுள்ள ஆரஞ்சு நிற கேனோ படகு ஒன்றை ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தோம். டிரைவர் அதை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"இன்னா சார் இது, குளிக்கிற தொட்டியா?"

"போட்டுப்பா. கேனோ."

"இதுல மூணு பேரா?" என்றவர் என் வயிற்றைப் பார்த்தார். "இன்ஷூரன்ஸ் கட்டிக்கீறீங்களா?"

நியாயமான கேள்விதான். எனக்கு வயது ஐம்பத்திரண்டு, எடை எண்பத்தெட்டு கிலோ. கப்பல் சரக்குக்கு கஸ்டம்ஸ் காகிதம் தயார் செய்யும் ஆபீசில் குமாஸ்தா. முப்பது வருடமாகக் கடலை நம்பித்தான் சாப்பிடுகிறேன். ஆனால் முழங்காலுக்கு மேல் அதில் இறங்கியதில்லை. நீச்சல் தெரியாது. மீன் வேண்டுமென்றால் பையை எடுத்துக்கொண்டு பத்து நிமிடம் நடந்தால் மீன்பிடித் துறைமுகம். இப்படிப்பட்ட ஒருவன் படகேறி, கூடாரம் போட்டு, தானே மீன் பிடித்துச் சாப்பிடக் கிளம்பினால் அதற்கு ஒரு நண்பன்தான் காரணமாக இருக்க வேண்டும்.

என் விஷயத்தில் அது டோனி. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவன். புதுச்சேரிப் பக்கம் இழுத்து மூடிய ஒரு விடுதியிலிருந்து ஒன்பதாயிரம் ரூபாய்க்கு இந்தக் கேனோவை வாங்கி வந்தான். மூன்றாவது ஆள் சலீம் பாய், கன்டெய்னர் லாரிகளுக்கு பிரேக் பார்க்கும் மெக்கானிக். அதிகம் பேச மாட்டார், நன்றாகச் சமைப்பார். அவருக்கும் நீச்சல் அரைகுறைதான்.

கிளம்பும் நேரத்தில் நங்கூரம் வாங்க மறந்தது நினைவுக்கு வந்தது. சலீம் பாய் பட்டறைக்குள் போய் ஒரு இரும்பைத் தூக்கி வந்தார். கன்டெய்னர்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கும்போது மூலையில் மாட்டும் பூட்டு. ட்விஸ்ட் லாக் என்போம். ஐந்து கிலோ இருக்கும், இரண்டு பக்கமும் மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும்.

"நாப்பது டன் பொட்டியவே புடிச்சிகினு நிக்குது. இந்த சோப்பு டப்பாவப் புடிக்காதா?" என்றான் டோனி.

துறைமுகத்து ஆட்களின் மூளை இப்படித்தான் வேலை செய்யும். எனக்கும் அது அப்போது அறிவாளித்தனமாகவே பட்டது.

கல்மண்டபத்திலிருந்து எண்ணூர் பதினான்கு கிலோமீட்டர்தான். திருவொற்றியூர் தாண்டியதும் கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டிக்கொண்டோம். எர்ணாவூர் தாண்டுவதற்குள் டிரைவர் இரண்டு டீ குடித்துவிட்டார். நெட்டுக்குப்பத்துக் கரையில் படகை இறக்கும்போது மணி மூன்றரை.

கரையில் ஒரு அம்மாளும் அவர் வீட்டுக்காரரும் வலையை மடித்துத் தங்கள் படகில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அம்மாள் பெயர் தேசம்மா, என் வயதுதான் இருக்கும். அவர் ஏழுமலை. ஏழுமலை பேசி நான் கேட்டது மொத்தமே நாலு வாக்கியம். மிச்சத்தையெல்லாம் தேசம்மா பேசிவிடுவார்.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"உள்ள, காட்டாண்டக்கா. ஒரு ராத்திரி தங்கி மீன் புடிச்சிகினு வரலாம்னு" என்றான் டோனி.

"இந்த பொம்மையிலயா?" என்று கேனோவைக் காலால் தட்டிப் பார்த்தார். பிறகு குரல் மாறியது. "தபாரு நைனா. நாளிக்கி காலைல வாய்க்கா முனைல எங்க பாடு. அமாவாச தண்ணியும் எங்க பாடும் ஒண்ணா வுயுந்து வருசம் ஆவுது. அந்தப் பக்கம் வந்து கலீஜ் பண்ணிடாதீங்க."

"நாங்க இன்னாக்கா பண்ணப் போறோம்? ஓரமா தூண்டி போட்டுகினு குந்திகினு இருப்போம்."

பாடு என்றால் முறை. எந்த வீடு எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று இந்தக் குப்பங்கள் தங்களுக்குள் பிரித்து வைத்திருக்கின்றன. முறை வந்த அன்று அந்த இடம் அந்த வீட்டுக்கு. மறுநாள் இன்னொரு வீட்டுக்கு. எல்லா வீடும் சுற்றி முடித்தால்தான் மறுபடி வரும். இதில் அமாவாசை வேகத்தில் தண்ணீர் வற்றும் நாள் தன் பங்குக்கு விழுவது எப்போதோ ஒருமுறை. அன்றைக்குத்தான் இறால் கூட்டமாக இறங்கும். சலீம் பாய்க்கு இதெல்லாம் கொஞ்சம் தெரிந்திருந்தது. போகிற வழியில் எனக்குச் சொன்னார். ஆனால் எந்த வாய்க்கால், எந்த முனை என்று மூவரில் ஒருவரும் கேட்கவில்லை.

தண்ணீர் ஏறிக்கொண்டிருந்ததால் உள்ளே போவது சுலபமாக இருந்தது. சுலபம் என்றால் மற்ற இருவருக்கும். நான் நடுவில், உயிர் காக்கும் ஜாக்கெட்டைக் கழுத்துவரை இழுத்துக் கட்டிக்கொண்டு, படகின் இரண்டு விளிம்பையும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். நான் மூக்கைச் சொறிந்தால் படகு வலப்பக்கம் சாய்ந்தது.

"மாமு, நீ மூச்சு வுடாம வந்தா நல்லாருக்கும்" என்றான் டோனி.

அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் ஒரு பக்கம், சாம்பல் கொண்டு போகும் குழாய்கள் இன்னொரு பக்கம். இரண்டுக்கும் நடுவே அலையாத்திக் காடு. அதன் கிளைகளில் கூழைக்கடாக்கள் ரிட்டயர் ஆன அதிகாரிகளைப் போல உட்கார்ந்து எங்களைப் பார்த்தன. மூன்று கிலோமீட்டர் துடுப்புப் போட்டிருப்போம். காட்டை ஒட்டிய மணல் மேடு ஒன்றில் ஏறிக் கூடாரம் அடித்தோம். சலீம் பாய் கேஸ் அடுப்பில் பிரியாணி செய்தார். கோழி பிரியாணி, ஏனென்றால் எங்கள் தூண்டிலில் ஒரு மீன்கூட மாட்டவில்லை. கொசு மாட்டியது. காட்டில் இருட்டு இருக்கும் என்று நினைத்தேன். துறைமுகத்து விளக்குகள் விடியும்வரை கண்ணில் குத்தின. கூடாரத்துக்குள் மூன்று பேர் புரண்டு படுப்பதற்கும் முறை போட்டுக்கொண்டோம்.

ஞாயிறு காலை எட்டரைக்குக் கூடாரத்தைச் சுருட்டினோம். ஒரு மீனாவது பிடிக்காமல் வீட்டுக்குப் போக டோனிக்கு மனம் வரவில்லை. தண்ணீர் நிரம்பி, எந்தப் பக்கமும் நகராமல் கண்ணாடி மாதிரி நின்றது. ஒரு வாய்க்கால் பெரிய கழியோடு சேரும் இடத்தில் இரண்டு கம்புகள் நின்றிருந்தன. இடையில் பத்துப் பன்னிரண்டு முழம் இருக்கும்.

"பாத்தியா, போட்டு கட்றதுக்குன்னே நட்டு வச்சிக்கீறானுங்க" என்றான் டோனி.

துறைமுகத்தில் தண்ணீருக்குள் கம்பம் நின்றால் அது கப்பல் கட்டத்தான். இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று நானும் சொன்னேன். ஒரு கம்பில் கயிற்றைக் கட்டினோம். ட்விஸ்ட் லாக்கை நடுவில் இறக்கினோம்.

அரை மணி நேரம் கழித்துத் தண்ணீர் திரும்பியது. கம்பைச் சுற்றி முதலில் ஒரு சின்னச் சுழி, பிறகு சலசலவென்று சத்தம். கடலை நோக்கி எல்லாம் நகரத் தொடங்கியது. கிளம்பலாம் என்று டோனி நங்கூரக் கயிற்றை இழுத்தான். வரவில்லை.

கிரேன் ஓட்டுபவனுக்கு ஒன்று வரவில்லையென்றால் ஒரே வைத்தியம்தான் தெரியும். இன்னும் பலமாக இழுப்பது. காலைக் கம்பில் ஊன்றிக்கொண்டு "தூக்குறேன் பாரு" என்று இழுத்தான். அடியில் ஏதோ பர்ரென்று கிழிவது கயிறு வழியாகவே கைக்குத் தெரிந்தது. அதே சமயம் கம்பு அடியோடு முறிந்து சாய்ந்தது. மேலே வந்த ட்விஸ்ட் லாக்கின் மூக்கில் நைலான் வலை ஒரு கை அகலத்துக்குத் தொங்கியது.

கட்டுவலை. பை போல இருக்கும் வலையை முன்பே தண்ணீருக்கடியில் இறக்கி வைத்துவிட்டு, தண்ணீர் திரும்பும் நேரத்தில் வந்து அதன் வாயை இரண்டு கம்புகளிலும் தூக்கிக் கட்டுவார்கள். வற்றும் தண்ணீரோடு வரும் இறால் நேராகப் பைக்குள் போய்விடும். அந்த வேலைக்குத்தான் அப்போது அலையாத்தி மறைவிலிருந்து ஒரு படகு வந்துகொண்டிருந்தது.

"அடப் பாவிங்களா!"

தேசம்மா படகிலிருந்தே குதித்தார். தண்ணீர் அவருக்கு நெஞ்சளவு இருந்தது. முறிந்த கம்பைத் தொட்டார், கிழிந்த வலையைத் தூக்கிப் பார்த்தார். அடுத்த இரண்டு நிமிடம் அவர் சொன்னதில் அச்சில் போடக்கூடியது "கஸ்மாலங்களா" மட்டும்தான்.

"தண்ணி எறங்கிகினு கீது! மொத தண்ணிலதான் எறாலே வரும்! இன்னொரு கம்பு வூட்டாண்ட கீது, போய் எடுத்துகினு வர்றதுக்குள்ள பாதி தண்ணி பூடுமே! எங்க பாடுல மண்ணப் போட்டுட்டீங்களேடா!"

என் கை தன்னிச்சையாகச் சட்டைப் பைக்குப் போனது. அதை அவர் பார்த்துவிட்டார்.

"காசா? குடு. அத்த இங்க நட்டு வைக்கிறேன், வலை நிக்குதா பாப்போம்."

கையை எடுத்துவிட்டேன்.

சலீம் பாய் அவசரமாகக் கூடாரக் கம்பியை எடுத்து ஊன்றினார். தண்ணீர் அதை முடியைப் போல வளைத்தது. ஏழுமலை இடுப்பிலிருந்து ஊசியும் நூலும் எடுத்து, தண்ணீரில் நின்றபடியே கிழிசலைத் தைக்க ஆரம்பித்திருந்தார். தைத்துக்கொண்டே முதல் வாக்கியத்தைச் சொன்னார்.

"ஆளு நிக்கட்டும்."

தேசம்மா எங்கள் மூவரையும், மாடு வாங்குகிறவர் மாதிரி, மேலும் கீழும் பார்த்தார். என்னிடம் வந்து பார்வை நின்றது. வாழ்க்கையில் என் எடைக்காக யாரும் என்னைத் தேர்ந்தெடுத்தது அதுதான் முதல் தடவை.

"யோவ் தொப்ப. எறங்கு."

"எனக்கு நீச்சல் தெரியாதுக்கா."

"கம்புக்குத் தெரியுமா?"

இறங்கினேன். தண்ணீர் நெஞ்சைத் தாண்டியது. கால் தரையைத் தேடியது. தரை என்று ஒன்று இல்லை. சாம்பலும் சேறும் கலந்த ஒரு மாவு. அதற்குள் கணுக்கால் போனது, பிறகு கெண்டைக்கால். வலையின் மேல்கயிற்றை என் தோளில் சுற்றினார் தேசம்மா. கீழ்க்கயிற்றைக் காலால் மிதித்துக்கொள்ளச் சொன்னார். எனக்குப் பின்னால் சலீம் பாய் முட்டுக்கொடுத்து நின்றார். வலையின் வாய் விரிந்தது. விரிந்ததும் தண்ணீரின் மொத்த பலமும் என் தோளுக்கு வந்தது. என் கால்கள் மேலே எழும்பின.

"அத்த கயட்டு!"

"எத்த?"

"அந்த ஆரஞ்சு பனியன. தக்க மாரி மெதந்துகினு கீற. கம்பு மெதக்குமா?"

ஜாக்கெட்டின் மூன்று கொக்கிகளையும் கழற்றினேன். எளிதாகச் சொல்லிவிட்டேன். முதல் கொக்கிக்கு ஒரு மாதாவையும் இரண்டாவதுக்கு அந்தோணியாரையும் கூப்பிட்டேன். மூன்றாவதுக்கு எல்லாப் புனிதர்களையும் மொத்தமாகக் கூப்பிட்டுவிட்டேன். டோனி அதைப் படகுக்கு வாங்கிக்கொண்டான். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. அதைப் பார்த்துத்தான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.

"உருவிகினு பூட்டேன்னா?" என்று கேட்டேன்.

"எங்க பூடுவ? வலைக்குள்ளதான் வுயுவ. எறாலோட எறாலா எடுத்துப் போட்டுர்றேன்."

தையலை முடித்த ஏழுமலை, புதுக் கம்பு எடுத்து வரப் படகோடு கிளம்பினார். தேசம்மா வலையின் வால் பக்கம் நின்றார். கரையேற வேண்டுமென்றால் இனி எங்களுக்கு அந்தப் பொம்மைதான்.

ஒரு கம்பாக இருப்பதைப் பற்றி நீங்கள் யோசித்திருக்க மாட்டீர்கள். நானும் யோசித்ததில்லை. கம்புக்கு மூக்கு அரிக்காது. கம்பின் காலுக்கிடையில் ஏதோ வழுவழுப்பாக நுழைந்து போனால் அது கெளுத்தியா திருக்கையா என்று கம்பு கவலைப்படாது. சலீம் பாய் காலில் கிளிஞ்சல் வெட்டியது. "யா அல்லாஹ்" என்று ஒருமுறை சொன்னார், என் முதுகிலிருந்து கையை எடுக்கவில்லை. அவர் மூச்சு என் பிடரியில் பட்டுக்கொண்டே இருந்தது. அது நிற்காதவரை நான் தனியாக இல்லை என்று வைத்துக்கொண்டேன்.

வேகம் கூடியது. தோள் கயிறு தோலை அறுத்தது. ஒரு கட்டத்தில் என் கால் வழுக்கி, மேல்கயிறு ஒரு சாண் இறங்கியது.

"தூக்கு! தூக்கு! மேல ஓடுது பார் எறாலு!" என்று தேசம்மா கத்தினார். அந்தச் சத்தத்தில் கோபம் இல்லை. கெஞ்சல் இருந்தது. திட்டு வாங்கும்போது வராத பலம் அதைக் கேட்டதும் வந்தது. முழங்கால்வரை சாம்பலில் புதைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். அப்புறம்தான் புரிந்தது, அந்தச் சாம்பல்தான் என்னைப் பிடித்து நிறுத்தியிருந்தது. குழாயிலிருந்து கசிந்து கழியைத் தூர்த்துவிட்டது என்று ஊரெல்லாம் திட்டுகிற சாம்பல். நானும் திட்டியிருக்கிறேன். அன்றைக்கு மட்டும் வாயை மூடிக்கொண்டேன்.

அப்போதுதான் மேலிருந்து ஆகாயத்தாமரை வந்தது.

மழைக்காலம் முடிந்த கையோடு ஆற்றிலிருந்து அது திட்டுத் திட்டாக இறங்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நேரில் பார்த்தால் ஒரு சின்ன மைதானம் மிதந்து வருவதுபோல இருந்தது. பச்சைப் பசேலென்று, நடுவில் ஒரு கொக்கு வேறு. நேராக வலையின் வாய்க்கு. அது உள்ளே போனால் வலை மட்டுமல்ல, வலையைத் தோளில் சுற்றியிருந்த நானும் போவேன்.

"போட்டுக்காரரே! தள்ளு அத்த! தள்ளு!" என்றார் தேசம்மா.

டோனி அசுர வேகத்தில் துடுப்புப் போட்டுக் கேனோவின் மூக்கைத் திட்டில் குத்தினான். திட்டு மெதுவாகத் திரும்பியது. கொக்கு பறந்தது. இன்னும் கொஞ்சம் திரும்ப வேண்டும். எழுந்து நின்று தள்ளினான். கேனோவில் எழுந்து நிற்கக் கூடாது என்பது அதை வாங்கிய அன்று அவனே எங்களுக்கு எடுத்த முதல் பாடம். படகு கவிழ்ந்தது. கூடாரம், அடுப்பு, தூண்டில், என் ஜாக்கெட், எல்லாம் தண்ணீரில். தலை தூக்கிய டோனி, ஆரஞ்சுப் படகு தலைகீழாகக் கடல் பக்கம் போவதைப் பார்த்தான். மறுபக்கம் திட்டைப் பார்த்தான்.

அவனை எனக்கு இருபத்தைந்து வருடமாகத் தெரியும். ஸ்கூட்டரில் ஒரு கீறல் விழுந்தால் சோறு இறங்காது அவனுக்கு. படகை விட்டுவிட்டு அவன் தாமரைக்குள் நீந்திப் போனான். நெஞ்சால் முட்டி, காலால் உதைத்து, என்னென்னவோ கத்திக்கொண்டு தள்ளினான். திட்டின் ஓரம் என் கன்னத்தை உரசிக்கொண்டு போனது. வேர்கள் தலைமுடி மாதிரி முகத்தில் தடவின. கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அது எங்களைத் தாண்டி, வலையையும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

பிறகு தேசம்மா சொன்னார்: "வுட்டுடாத. நில்லு."

ஏழுமலை திரும்பி வரும்போது தண்ணீர் என் இடுப்புக்கு இறங்கியிருந்தது. புது சவுக்குக் கம்பை ஊன்றி ஆட்டி ஆட்டி இறக்கினார். கயிறு என் தோளிலிருந்து கம்புக்கு மாறியது. என்னை வெளியே எடுக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். என் செருப்புகள் உள்ளேயே தங்கிவிட்டன. படகின் விளிம்பில் உட்கார வைத்தார்கள். ஏழுமலை ஒரு பீடியைப் பற்றவைத்து நீட்டினார். நான் பீடி குடிப்பதில்லை. அன்றைக்குக் குடித்தேன்.

பகல் இரண்டு மணிவாக்கில் வலையின் வாலை அவிழ்த்தார்கள். கூடையில் இறால் கொட்டும் சத்தம் மழை மாதிரி இருந்தது. ஆனால் சீக்கிரம் நின்றுவிட்டது. கூடை பாதிக்குக் கொஞ்சம் மேலே நிறைந்தது. இரண்டு நண்டு, ஒரு கெளுத்தி, நிறைய பிளாஸ்டிக். தேசம்மா கூடைக்குள் கையை விட்டு அடிவரை அளைந்து பார்த்தார்.

"மொத தண்ணி பூடுச்சி" என்றார். எங்களைப் பார்த்துச் சொல்லவில்லை. "கூட ரொம்பி வயிஞ்சிருக்கும்."

"அடுத்த அமாவாசைக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"அது யாரு பாடோ." ஏழுமலையின் இரண்டாவது வாக்கியம்.

மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். எந்த வார்த்தையும் அந்தக் கூடையின் மிச்சத்தை நிரப்பாது என்று தெரிந்து மூடிக்கொண்டேன். டோனிக்கு அந்த விவஸ்தை கிடையாது.

"வலை புடிச்சவனுக்கு பங்கு உண்டுன்னு சொல்லுவாங்களேக்கா?"

தேசம்மா அவனை முறைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். தலையில் தாமரை வேர், முழங்கால்வரை சாம்பல், வாயில் பீடி. முகம் மெல்ல இளகியது.

"ஆளுக்குப் பங்கு உண்டு. கம்புக்கு ஏது பங்கு?"

ஏழுமலை சிரித்தார். அதைத்தான் நான் மூன்றாவது வாக்கியமாகக் கணக்கில் வைத்திருக்கிறேன். நாலாவது, "போட்டு அங்க சொருகிகினு கீது." கைகாட்டிய இடத்தில், அலையாத்தி வேர்களுக்கிடையே கேனோ கிடந்தது. அதன் பக்கவாட்டில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை. துடுப்புகளோடு வேரில் சிக்கிக் கிடந்த ஜாக்கெட்டை எடுத்து ஓட்டையில் அடைத்துக் கட்டினோம். ஜாக்கெட்டால் நான் அடைந்த பயன் அதுதான்.

திரும்பும் வழியில் கம்புகள் கண்ணில் பட்டன. நேற்றும் அவை அங்கேதான் இருந்திருக்கும். வாய்க்காலுக்கு வாய்க்கால், திருப்பத்துக்குத் திருப்பம், ஜோடி ஜோடியாக. ஒவ்வொரு ஜோடியும் யாரோ ஒரு வீட்டின் ஒரு நாள். ஒன்றின் நடுவிலும் புகாமல் கரையோரச் சேற்றில் துடுப்பை ஊன்றித் தள்ளிக்கொண்டே வந்தோம். மூன்று கிலோமீட்டருக்குப் பொழுது சாய்ந்துவிட்டது. வேகமாகப் போகலாம் என்று டோனிகூடச் சொல்லவில்லை.

கல்மண்டபத்தில் எங்கள் தெருவுக்குள் வெறுங்காலோடு நுழைந்தேன். பழைய பெயிண்ட் டப்பாவில் சிமென்ட் ஊற்றி நடுவில் ஒரு பைப் நட்டு என் வீட்டு வாசலில் வைத்திருக்கிறேன், ஸ்கூட்டர் நிறுத்த இடம் பிடிக்க. எதிர் வீட்டில் உடைந்த நாற்காலி, அதற்கடுத்த வீட்டில் லாரி டயர். குப்பை வண்டிகூட இவற்றைச் சுற்றிக்கொண்டுதான் போகும். யாராவது நகர்த்தினால் தெருவே திரளும். நான் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு சண்டைக்கு இறங்கிய நாட்களும் உண்டு. பெயிண்ட் டப்பாவுக்கு இவ்வளவு மரியாதை தெரிந்த தெருவிலிருந்து போன மூன்று பேர், தண்ணீரில் நின்ற இரண்டு கம்புகளைப் பார்த்ததும் நமக்காகத்தான் நட்டிருக்கிறார்கள் என்று முடிவு கட்டினோம்.

தோளில் கயிறு பதிந்த தடம் ஒரு வாரம் இருந்தது. என்ன காயம் என்று ஆபீசில் கேட்டார்கள். எண்ணூரில் ஒரு அரை நாள் வேலை கிடைத்தது என்றேன். என்ன வேலை, பார்ட் டைமா, நிரந்தரமா என்றார்கள். நிரந்தரமாக வைத்துக்கொள்ள மாட்டார்கள், சவுக்கு அளவுக்கு நான் உறுதி இல்லை என்றேன்.